மூடிலை லினக்ஸ் சேவையகத்தில் நிறுவுதல்: எண்ம எண்களும் கோப்பு அனுமதிகளும்

க.பொ.த. சாதாரண தரம் – தகவல் தொடர்பாடல் தொழினுட்பம்

மாணவர்களே, எண் முறைமைகள் என்னும் பகுதியில் எண்ம எண்ணைத் துவித எண்ணாக மாற்றப் பழகியிருப்பீர்கள். இது பரீட்சைக்கு மட்டும் வேண்டிய கணக்கு, வெளியில் இதற்குப் பயனில்லை என்று பலர் எண்ணுவதுண்டு. ஆனால் லினக்ஸ் பணிசெயல் முறைமையில் ஒரு கோப்பை யார் வாசிக்கலாம், யார் மாற்றலாம் என்பது மூன்று எண்ம இலக்கங்களால் குறிக்கப்படுகிறது. இலக்கம் ஒன்று பிழைத்தால் தவணைப் பரீட்சை வினாத்தாள் பரீட்சைக்கு முதல் நாளே வெளியே போகலாம். ஆகவே இப்பாடத்தில் மூடில் என்னும் கற்றல் முகாமைத்துவ முறைமையை ஒரு சேவையகத்தில் நிறுவும் படிமுறையைப் பார்ப்போம். ஒவ்வொரு படியிலும் "இதை யார் வாசிக்க வேண்டும், யார் எழுத வேண்டும்?" என்ற வினாவைக் கேட்டுக்கொண்டே செல்வோம்.

(கவனிக்க: கட்டளைகளும் கோப்புப் பெயர்களும் இங்கு தமிழ் எழுத்தில் ஒலிபெயர்த்துத் தரப்பட்டுள்ளன. விசைப்பலகையில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டச்சுச் செய்ய வேண்டும்.)

மூடில் என்றால் என்ன?

மூடில் ஒரு திறந்த மூல மென்பொருள். அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரைச் சேர்ந்த மார்ட்டின் டூகியாமஸ் இதனை உருவாக்கினார். இதன் முதலாவது முழுப் பதிப்பு 2002 ஆம் ஆண்டு ஓகத்து மாதத்தில் வெளியானது. ஆசிரியர் பாடக்குறிப்பை ஏற்றுவார், மாணவர் ஒப்படையைச் சமர்ப்பிப்பார், வினாவிடைகளுக்குப் புள்ளிகள் பதிவாகும். எங்கள் நாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் இது பாவனையில் உள்ளது. ஒரு நிறுவனத்துக்குப் பணம் கட்டி அதன் கணினியில் மூடிலைப் பயன்படுத்தலாம். அன்றேல் பாடசாலையின் சொந்தக் கணினி ஒன்றில் நாமே நிறுவிக்கொள்ளலாம். இரண்டாவது வழியில் செலவு குறைவு. ஆனால் மாணவரின் பெயர், புள்ளி, கடவுச்சொல் அனைத்துக்கும் பொறுப்பு நாமே.

பாடசாலையின் கணினி ஆய்வுகூடத்தில் 20 கணினிகளும், சேவையகமாகப் பயன்படுத்த ஒரு கணினியும் உள்ளன எனக் கொள்வோம். சேவையகத்தில் டெபியன் லினக்ஸ் நிறுவப்பட்டுள்ளது. அதற்கு 192.168.1.10 என்னும் நிலையான ஐ.பி. முகவரி கொடுக்கப்பட்டுள்ளது. ஏனைய கணினிகளில் இணைய மேலோடியைத் திறந்து அந்த முகவரியைத் தட்டினால் மூடில் தோன்ற வேண்டும். இதற்கு இணைய இணைப்பே தேவையில்லை, ஆய்வுகூட வலையமைப்பு போதும்.

தேவையான மென்பொருள்கள்

மூடில் தனித்து இயங்காது. பக்கங்களை அனுப்புவதற்கு வலைச் சேவையக மென்பொருள் வேண்டும், அது அப்பாச்சி. மூடிலின் குறிமுறை பி.எச்.பி மொழியில் எழுதப்பட்டது, எனவே பி.எச்.பி வேண்டும். தரவைச் சேமிக்க ஒரு தரவுத்தள முகாமைத்துவ முறைமை வேண்டும், அது மரியா டிபி. (மை எஸ்.கியூ.எல் மென்பொருளை உருவாக்கியவர்களில் ஒருவரான மைக்கேல் விடேனியஸ் 2009 இல் அதிலிருந்து பிரித்தெடுத்துத் தொடங்கியது மரியா டிபி. அவரது மூத்த மகளின் பெயர் மை, இளைய மகளின் பெயர் மரியா. பரீட்சையில் இதைக் கேட்கமாட்டார்கள்!)

இம்மூன்றையும் டெபியனின் களஞ்சியத்திலிருந்து "ஆப்ட்" என்னும் கட்டளை மூலம் பெறலாம். ஆப்ட் ஒரு பொதியை நிறுவும்போது அதற்குத் தேவையான ஏனைய பொதிகளையும் தானே கொண்டுவரும். நீங்கள் இறக்கும் மூடில் பதிப்புக்கு எந்த பி.எச்.பி பதிப்பு வேண்டும் என்பதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டும் பொருந்தாவிட்டால் நிறுவி முதற் பக்கத்திலேயே நின்றுவிடும்.

தரவுத்தளம்

மரியா டிபியில் மூடிலுக்கென வெறுமையான தரவுத்தளம் ஒன்றை உருவாக்க வேண்டும். அப்போது எழுத்துருத் தொகுதியாக "யூ.டி.எஃப்.8 எம்.பி.4" என்பதைத் தெரிவுசெய்ய வேண்டும். ஏன்? யூ.டி.எஃப்-8 முறையில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 1 பைற்று போதும். தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைற்றுகள் தேவை. "பள்ளி" என்ற சொல் ப, ள, புள்ளி, ள, இகரக் குறி என 5 குறிகளாகச் சேமிக்கப்படும், ஆகவே 15 பைற்றுகள். பழைய இலத்தீன் தொகுதியில் தரவுத்தளத்தை உருவாக்கிவிட்டுத் தமிழில் பெயர்களை ஏற்றினால் கேள்விக்குறிகளே எஞ்சும். அந்தப் பெயர்களை அதன்பின் மீட்டெடுக்க முடியாது.

அடுத்து, தரவுத்தளத்துக்கு ஒரு பயனரை உருவாக்குங்கள். மரியா டிபியின் தலைமைக் கணக்கையே மூடிலுக்குக் கொடுத்துவிடுவது இலகு. ஆனால் அக்கணக்கால் அச்சேவையகத்தில் உள்ள எல்லாத் தரவுத்தளங்களையும் அழிக்க முடியும். மூடிலுக்கு வேண்டியது ஒரேயொரு தரவுத்தளம். எனவே புதிய பயனருக்கு அத்தரவுத்தளத்தின் மீது மட்டும், அதுவும் அதே கணினியிலிருந்து இணையும்போது மட்டும் உரிமை வழங்குங்கள். டெபியனில் மரியா டிபி நிறுவப்படும்போதே அக்கணினிக்குள் இருந்து வரும் இணைப்புகளை மட்டும் ஏற்கும் வகையில் அமைந்திருக்கும். அதன் துறை இலக்கமான 3306 ஐ வெளியே திறந்துவிட எந்த அவசியமும் இல்லை.

குறிமுறை ஒரு இடத்தில், தரவு வேறு இடத்தில்

மூடில் இரண்டு கோப்புறைகளைக் கேட்கும். ஒன்று குறிமுறைக் கோப்புறை, இது மூடிலின் நிரல்கள் உள்ள இடம். மற்றையது தரவுக் கோப்புறை, அதன் வழமையான பெயர் "மூடில்டேட்டா". ஆசிரியர் ஏற்றும் வினாத்தாள், மாணவர் சமர்ப்பிக்கும் ஒப்படை ஆகியன இதனுள் சேரும்.

அப்பாச்சி வெளியே காட்டும் பகுதிக்குள் தரவுக் கோப்புறையை ஒருபோதும் வைக்கக் கூடாது. அங்கு வைத்தால் கோப்பின் பாதையை அறிந்த எவரும் மூடிலுக்குள் உள்நுழையாமலே அதைப் பதிவிறக்கலாம். வெளியே வைத்தால், கோப்பைக் கேட்பவர் மூடிலின் நிரலைக் கடந்தே ஆக வேண்டும். அந்நிரல் முதலில் "நீர் யார்? இதைப் பார்க்க உமக்கு உரிமை உண்டா?" எனச் சோதித்த பின்னரே கோப்பை அனுப்பும். 2025 இல் வெளியான மூடில் 5.1 பதிப்பில் குறிமுறைக் கோப்புறையும் இதே முறையில் பிரிக்கப்பட்டது. அதனுள் "பப்ளிக்" என்னும் உட்கோப்புறை உண்டு. அப்பாச்சிக்கு அதை மட்டும் காட்ட வேண்டும்.

கோப்பு அனுமதிகள்

லினக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் உரிமையாளரும் ஒரு குழுவும் உண்டு. இவ்விரண்டிலும் சேராத எல்லோரும் "ஏனையோர்". ஒவ்வொரு தரப்பினருக்கும் மூன்று அனுமதிகள் உள்ளன: வாசித்தல், எழுதுதல், செயற்படுத்தல். ஓர் அனுமதி உண்டு என்றால் 1, இல்லை என்றால் 0. ஆக ஒரு தரப்பினருக்கு 3 பிற்றுகள். மூன்று பிற்றுகள் சேர்ந்தால் ஓர் எண்ம இலக்கம் என்பதை நீங்கள் அறிவீர்கள். வாசித்தலின் இடப்பெறுமானம் 4, எழுதுதல் 2, செயற்படுத்தல் 1.

755 ஐ எடுத்துக்கொள்வோம்.

7 = 111, உரிமையாளர் வாசிக்கலாம், எழுதலாம், செயற்படுத்தலாம்.
5 = 101, குழுவினர் வாசிக்கலாம், செயற்படுத்தலாம், எழுத முடியாது.
5 = 101, ஏனையோரும் அவ்வாறே.

கோப்புறையைப் பொறுத்தவரை "செயற்படுத்தல்" என்பதற்குப் பொருள் வேறு. அது கோப்புறைக்குள் நுழையும் அனுமதி. ஒரு கோப்பை அடைவதற்கு அதன் பாதையில் உள்ள எல்லாக் கோப்புறைகளிலும் நுழையும் அனுமதி இருக்க வேண்டும். மாணவர் பலர் கோப்பின் அனுமதியை மட்டும் பார்த்துவிட்டு மேலேயுள்ள கோப்புறையை மறந்துவிடுகின்றனர்.

இனி யார் யார் என்று பார்ப்போம். நிருவாகியின் கணக்கு "ரூட்", அதனால் எல்லாம் முடியும். அப்பாச்சியோ டெபியனில் ஒரு தனிக் கணக்கின் பெயரில் இயங்குகிறது. அதன் பெயர் மூன்று டபிள்யூக்கள், ஒரு சிறு கோடு, டேட்டா என்ற சொல். அதே பெயரில் ஒரு குழுவும் உண்டு. அக்கணக்கை நாம் "வலைப் பயனர்" என அழைப்போம். வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு கோரிக்கையும் சேவையகத்துக்குள் வலைப் பயனராகவே நடமாடும். மூடிலில் ஏதேனும் ஓட்டை இருந்து ஒருவர் ஊடுருவினால் அவர் கைக்கு வருவதும் வலைப் பயனரின் உரிமைகளே. ஆகவே அக்கணக்குக்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்பதில்தான் பாதுகாப்புத் தங்கியுள்ளது.

குறிமுறைக் கோப்புகளை வலைப் பயனர் வாசித்தால் போதும், எழுத வேண்டியதில்லை. எனவே அவற்றின் உரிமையாளராக ரூட் இருக்கட்டும். கோப்புறைகளுக்கு 755, கோப்புகளுக்கு 644. பி.எச்.பி கோப்புக்குச் செயற்படுத்தல் அனுமதி வேண்டாமா எனக் கேட்கலாம். வேண்டாம். பி.எச்.பி மென்பொருள் அதை வாசித்துத்தான் இயக்குகிறது.

தரவுக் கோப்புறையில் வலைப் பயனர் எழுதியே ஆக வேண்டும். எனவே அதன் உரிமையாளராக வலைப் பயனரை ஆக்கி, அனுமதியை 770 என வையுங்கள். ஏனையோருக்கு 000. உரிமையாளரை மாற்றும் கட்டளை "சிஎச்ஓன்", அனுமதியை மாற்றும் கட்டளை "சிஎச்மொட்".

இந்த இரண்டு பத்திகளையும் விளங்கிக்கொண்டால் 777 ஏன் ஆபத்தானது என்பதும் விளங்கும். 777 = 111 111 111. எல்லோரும் எல்லாம் செய்யலாம். குறிமுறைக் கோப்புறைக்கு 777 கொடுத்தால், ஊடுருவியவர் வலைப் பயனராக இருந்துகொண்டே மூடிலின் நிரலை மாற்றி எழுதலாம். உள்நுழைவுப் பக்கத்தில் நான்கு வரிகளைச் சேர்த்து, தட்டப்படும் கடவுச்சொற்கள் அனைத்தையும் தனக்கு அனுப்பச் செய்யலாம். பக்கம் பார்ப்பதற்கு வழமைபோலவே இருக்கும். 755 கொடுத்திருந்தால் இந்த வழி அடைபடும். எல்லாத் தாக்குதலையும் 755 தடுக்கும் என்பதல்ல. வலைப் பயனரால் வாசிக்கக்கூடியதை ஊடுருவியவரும் வாசிப்பார். ஆயினும் வாசித்தல் வேறு, நிரலையே மாற்றுதல் வேறு.

நிறுவி நின்றுபோகும் இடம்

இப்போது மேலோடியில் சேவையகத்தின் முகவரியைத் தட்டினால் மூடிலின் நிறுவி தோன்றும். தரவுத்தளத்தின் பெயர், பயனர் பெயர், கடவுச்சொல், தரவுக் கோப்புறையின் பாதை ஆகியவற்றைக் கேட்கும். பின்னர் அவற்றை ஓர் அமைவடிவக் கோப்பாகக் குறிமுறைக் கோப்புறையில் எழுத முயலும். நாம் எழுதும் அனுமதி கொடுக்கவில்லையே! எனவே "கோப்பை உருவாக்க முடியவில்லை" என நின்றுவிடும்.

இந்த இடத்தில்தான் பலர் பொறுமையிழந்து 777 கொடுக்கின்றனர். உடனே வேலை நடக்கும். நிறுவல் முடிந்ததும் பழையபடி மாற்றுவோம் என நினைப்பர், பின்னர் மறந்தும் போவர். அது தேவையே இல்லை. நிறுவி தன்னால் எழுத முடியாத உள்ளடக்கத்தைத் திரையிலேயே காட்டுகிறது. அதைப் பிரதிசெய்து, ரூட் கணக்கில் இருந்து "கொன்ஃபிக்" என்னும் பி.எச்.பி கோப்பாகச் சேமித்தால் போதும். இரண்டு நிமிட வேலை. அக்கோப்பில் தரவுத்தளக் கடவுச்சொல் மறைகுறியாக்கப்படாமல் அப்படியே இருக்கும். எனவே அதற்கு 644 கூட அதிகம். உரிமையாளர் ரூட், குழு வலைப் பயனர் குழு, அனுமதி 640 என வையுங்கள்.

அதே கோப்பில், மூடில் தரவுக் கோப்புறைக்குள் உருவாக்கும் புதிய கோப்புறைகளின் அனுமதியைக் கூறும் வரி ஒன்று இருக்கும். நிறுவி எழுதித் தரும் பெறுமானம் பெரும்பாலும் 02777. எவ்வகைச் சேவையகத்திலும் இயங்க வேண்டும் என்பதற்காக மூடில் இவ்வாறு தாராளமாக விட்டுள்ளது. நமது சேவையகத்தில் அதனை 02770 என மாற்றலாம். முன்னால் உள்ள 0 பி.எச்.பி மொழியில் "இது எண்ம எண்" என்பதற்கான அடையாளம். அதனை விட்டுவிடக் கூடாது. 0 இன்றி 2770 என எழுதினால் பி.எச்.பி அதனைத் தசம எண்ணாகக் கொள்ளும். தசம 2770 ஐ எண்ம எண்ணாக மாற்றிப் பாருங்கள்: 5322 வரும். கடைசி மூன்று இலக்கங்கள் 322. உரிமையாளருக்கு 3, அதாவது 011. தன் சொந்தக் கோப்புறையையே வாசிக்க முடியாத உரிமையாளர்!

பிழை வந்தால் முதலில் அப்பாச்சியின் பிழைப் பதிவுக் கோப்பைத் திறந்து வாசிக்க வேண்டும். மேலோடியில் 403 எனத் தோன்றி, பதிவுக் கோப்பில் 13 என்ற எண்ணுடன் அனுமதி மறுக்கப்பட்டதாக இருந்தால் அது கோப்பு அனுமதிப் பிரச்சினை. 404 என்றால் கோப்பு அங்கு இல்லை, பாதை பிழை. காரணம் அறியாமல் அனுமதிகளைக் கூட்டிக்கொண்டு போவது, காய்ச்சல் எதனால் என்று பாராமல் மருந்து கொடுப்பது போன்றது.

நிறுவிய பின்னர்

பி.எச்.பி ஒரு கோப்பை ஏற்றுவதற்கு இயல்பாக விதிக்கும் எல்லை 2 மெகாபைற்று. ஆசிரியர் 6 மெகாபைற்றுக் கோப்பை ஏற்ற முயன்றால் மறுக்கப்படும். பி.எச்.பி அமைவடிவக் கோப்பில் இந்த எல்லையையும், 8 மெகாபைற்றாக உள்ள மொத்தக் கோரிக்கை எல்லையையும் சேர்த்து உயர்த்தி, அப்பாச்சியை மீள ஆரம்பிக்க வேண்டும். உள்ளீட்டு மாறிகளின் எண்ணிக்கை 1000 இலிருந்து 5000 ஆக வேண்டும் என நிறுவியே கேட்கும்.

மூடிலுக்குப் பின்னணி வேலைகள் பல உண்டு: அறிவித்தல் அனுப்புதல், பழையவற்றைத் துப்புரவாக்குதல் போன்றன. இவற்றை "குரொன்" என்னும் நேரசூசிச் சேவை மூலம் நிமிடத்துக்கு ஒரு தடவை இயக்க வேண்டும். இங்கும் நமது பழைய வினாவே: யாருடைய பெயரில்? வலைப் பயனரின் பெயரில். ரூட் பெயரில் இயக்கினால் அது உருவாக்கும் கோப்புகள் ரூட்டுக்குச் சொந்தமாகிவிடும். பின்னர் அவற்றை மாற்ற முற்படும் வலைப் பயனர் தடுக்கப்படுவார். நேற்றுவரை ஒழுங்காக இயங்கிய மூடில் இன்று காரணமின்றிப் பிழை காட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சேவையகத்தை இணையத்துக்குத் திறப்பதானால் மறைகுறியாக்கிய இணைப்பு கட்டாயம். லெட்ஸ் என்கிரிப்ட் நிறுவனம் அதற்கான சான்றிதழை இலவசமாக வழங்குகிறது. அது குறுகிய காலத்துக்கே செல்லுபடியாகும், எனவே தானாகப் புதுப்பிக்குமாறு ஒழுங்குசெய்ய வேண்டும். தீச்சுவரில் 80, 443 ஆகிய துறைகளைத் திறந்தால் போதும்.

காப்புப் பிரதி

தரவுத்தளத்தை மட்டும் காப்பெடுத்தால் போதுமா? போதாது. மூடில் ஏற்றப்படும் கோப்பை அதன் சொந்தப் பெயரில் சேமிப்பதில்லை. கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து ஷா-1 என்னும் முறையில் 40 பதினறும இலக்கங்களைக் கொண்ட எண்ணொன்றைக் கணித்து, அதையே பெயராக வைக்கிறது. (ஒரு பதினறும இலக்கம் 4 பிற்று, ஆகவே 160 பிற்றுகள்.) ஒரே கோப்பை 40 மாணவர் ஏற்றினாலும் வன்தட்டில் ஒரு பிரதியே இருக்கும். "அலகு 3 ஒப்படை" என்ற உண்மையான பெயரும் அது யாருடையது என்பதும் தரவுத்தளத்தில் உள்ளன. எனவே தரவுக் கோப்புறை மட்டும் மீண்டால் பெயரற்ற கோப்புகளின் குவியல்தான் மிஞ்சும். தரவுத்தளம் மட்டும் மீண்டால் பெயர்கள் உண்டு, கோப்புகள் இல்லை. இரண்டையும், அமைவடிவக் கோப்பையும் சேர்த்து, வேறொரு கணினியில் அல்லது வெளி வன்தட்டில் வைக்க வேண்டும். குறிமுறையை மீண்டும் பதிவிறக்கிக்கொள்ளலாம். காப்புப் பிரதியிலும் மாணவரின் புள்ளிகள் இருப்பதால் அதற்கும் 600 போன்ற இறுக்கமான அனுமதியே பொருந்தும். தவணைக்கு ஒரு தடவையாவது அதனை இன்னொரு கணினியில் மீட்டெடுத்துப் பாருங்கள்.

மாதிரி வினா

மூடிலின் அமைவடிவக் கோப்பின் உரிமையாளர் ரூட். அதன் குழு வலைப் பயனர் குழு. அனுமதி 640.

(அ) 640 ஐத் துவித எண்ணாக எழுதுக.
(ஆ) வலைப் பயனரால் இக்கோப்பை மாற்ற முடியுமா? காரணம் தருக.
(இ) மாணவர் ஒருவர் தவறுதலாக 604 எனத் தட்டச்சுச் செய்தார். இதனால் ஏற்படும் இரண்டு விளைவுகளைக் கூறுக.

விடை

(அ) 6 = 110, 4 = 100, 0 = 000. ஆகவே 110 100 000.

(ஆ) முடியாது. வலைப் பயனர் குழுவில் அடங்குவார். குழுவுக்குரிய இலக்கம் 4, அதாவது 100. வாசித்தல் மட்டுமே உண்டு, எழுதுதலுக்கான பிற்று 0.

(இ) 604 = 110 000 100. லினக்ஸ் முதலில் "இவர் உரிமையாளரா?" எனவும், இல்லையெனில் "குழுவில் உள்ளவரா?" எனவும் பார்க்கும். பொருந்திய தரப்பின் அனுமதியை மட்டுமே எடுத்துக்கொள்ளும், அதற்கு அப்பால் தேடாது. வலைப் பயனர் குழுவில் உள்ளதால் அவருக்கு 000 பொருந்தும். எனவே மூடிலால் அமைவடிவக் கோப்பை வாசிக்க முடியாது, இணையத்தளம் இயங்காது. அதேவேளை ஏனையோருக்கு 100 உள்ளதால் அச்சேவையகத்தில் கணக்கு உள்ள எவரும் தரவுத்தளக் கடவுச்சொல்லை வாசிக்கலாம். "ஏனையோருக்கு வாசிக்கும் அனுமதி இருப்பதால் வலைப் பயனரும் வாசிக்கலாம்" என எழுதினால் இப்பகுதிக்குப் புள்ளி கிடைக்காது.